வரத்துப் பாட்டுக்கு எழும்பாதவர்

ஆறடி உயரமுள்ள ஆம்பிளைக்குப் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால், அவர் யேசுரத்தினத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அஞ்சுகிராமத்துக்கு மேற்கே நாராயணபெருமாள் பிள்ளையின் வாழைத் தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துச் செய்துகொண்டு, தோப்பின் மூலையிலேயே ஓலைக் குடிசை போட்டு இருந்தவர் அவர். நெட்டை யேசு என்றால்தான் ஊரில் ஆளைக் காட்டுவார்கள். ஆனால் பிள்ளைவாள் எதிரே வந்துவிட்டால் அந்த உயரம் எங்கே போகுமோ தெரியாது. தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகும், முதுகு வளையும், ஆள் பாதியாகிவிடுவார்.

ஒரு பயமா, இரண்டு பயமா? பிள்ளைவாள் கோபித்தால் தோப்பும் போகும், குடிசையும் போகும். சபை கோபித்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், நல்லது கெட்டதுக்கு ஒரு நாதி வராது. போதாததற்கு, பாட்டா காலத்தில் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தபோது விட்டுவிட்டு வந்த முத்தாரம்மன் இன்னும் மனசில் வைத்திருப்பாளோ என்று யாரிடமும் சொல்லமுடியாத ஒரு பயமும் உண்டு. அவர் பெண்டாட்டி ராஜபாய் சொல்வாள், "இஞ்ச பாருங்க, பயப்பட ஆளு கெடைக்காத அன்னைக்கு நீங்க சொந்த நெழலக் கண்டு பயப்படுவீங்க." அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வில்லுப்பாட்டு என்றால் பைத்தியம். வினை அங்கேதான் இருந்தது.

பங்குனியில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயில் முன்னால் பந்தலில் வில் வைப்பார்கள். அங்கே இருந்து கேட்பதும், அதாவது உட்கார்ந்து கேட்பதும், நின்று கேட்பதும் அவரவர் இஷ்டம் என்று நினைத்துவிடக்கூடாது. முன்னால் பாயில் பிள்ளைவாளின் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அடுத்து மணலில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் பாட்டக்காரர்களும் கூலிக்காரர்களும் நிற்பார்கள். இருக்கிறவன் நடுவில் எழும்பக்கூடாது, பின்னால் இருப்பவனுக்கு மறைக்கும். ஆனால் வில்லடிக்கிற புலவர் வரத்துப் பாட்டை எடுத்துவிட்டால், அதாவது அம்மனை வா என்று கூப்பிடும் பாட்டை எடுத்துவிட்டால், கைப்பிள்ளைக்காரி முதற்கொண்டு அத்தனை பேரும் எழும்பிக் கைகூப்பியாக வேண்டும். அப்போது சம்மணம் போட்டு இருக்கிறவன் மேல் அம்மன் முத்தை வாரிப் போட்டுவிடுவாள் என்பார்கள். வைசூரிக்கு அங்கே அதுதான் பேர்.

சபையில் இதற்கு நேர்மாறு. கொடைக்குப் போகவே கூடாது. ஆனால் பந்தல்கால்களில் கட்டக் குலைவாழை கொண்டுவருவது பிள்ளைவாளின் பாட்டக்காரன் கடமையாச்சே; அதற்குச் சபை ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். எழும்பி நின்றால்தான் குற்றம். எழும்பினவன் கும்பிட்டவன்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மரத்தடியில் நிற்கிறவன் வரத்துப் பாட்டு வந்தாலும் நிற்கிறான், வராவிட்டாலும் நிற்கிறான். அவன் எழும்பினான் என்று எவன் சாட்சி சொல்ல முடியும்? அந்தச் சந்தில் நின்றுதான் யேசுரத்தினம் வருஷாவருஷம் வில்லுக் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் கருப்பட்டிக் காப்பிப் பானையோடு சபை மூப்பர் சிலுவைதாசனும் நிற்பார். "நாம வியாபாரத்துக்கு வந்தோம்" என்பார் மூப்பர். தலை மட்டும் உடுக்கைக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டிருக்கும்.

1933-ம் வருஷக் கொடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் நேசம்மாளுக்குச் சபைக் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை உண்டுமானால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை தேவகுமார் தோவாளைப் பக்கத்தில் வாத்தியார், பக்தியான குடும்பம். போன வருஷம் ஒருத்தன் வரத்துப் பாட்டுக்கு எழும்பினான் என்று தெரிந்து பெயரை வெட்டி, அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். பெயர் வெட்டுப்பட்டவன் வீட்டு ஓலையைப் போதகர் வாசிப்பாரா?

"குலையக் கெட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க. பிள்ளைக்க காரியம் முடியட்டு. பொறவு எந்தப் பாட்டு வேணும்னாலும் கேளுங்க" என்று ராஜபாய் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பிப் பார்க்காமல் வரத்தான் நினைத்தார். ஆனால் அவர் கொண்டுபோன செவ்வாழைக் குலையைப் பார்த்துப் பிள்ளைவாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"லே யேசு, இதுபோல ஒரு குலை நான் கண்டதில்ல. மரத்தடியில போய் என்னத்துக்கு நிக்க? இங்க வந்து இரி" என்று பாய்க்குப் பக்கத்து மணலைக் காட்டினார்.

"வேண்டாம் எசமான். நான் நிக்கேன்."

"நீ நின்னா பொறத்த இருக்கவனுக்கு என்ன தெரியும்? பனையில்லா நிக்கது. இரிலே."

இருந்தார். பிள்ளைவாள் முன்னால் அவர் பிருஷ்டம் தரையில் பட்டது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். முதுகில் வேர்வை ஓடியது. பாட்டு தொடங்கி ஒரு நாழிகைக்குள் நைசாக நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். ஆனால் புலவர் வீசுகோலை எடுத்து வில்லில் போட, மணிகள் குலுங்க, குடம் அடிவயிற்றில் இடிக்க, மனுஷன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். இத்தனை வருஷமும் மரத்தடியில் நின்று பாட்டின் முதுகைத்தான் பார்த்திருக்கிறோம், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று தோன்றியது. வாயைப் பிளந்து கேட்டார். மடையன். மகள் கலியாணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளக்கலாமா?

உடுக்கையின் அடி மாறியது. அந்த அடி எதற்கு வரும் என்று அவருக்குத் தெரியாதா? வரத்துப் பாட்டு வருகிறது.

திரும்பிப் பார்த்தார். புளியமரத்தடியில் காப்பி வார்க்கும் கை அப்படியே நிற்க, சிலுவைதாசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் பார்த்தார். பிள்ளைவாள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பத் தயாராக இருந்தார். நேசம்மாளின் முகம் கண்ணுக்குள் வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அத்தனை கூட்டமும் ஒரே மூச்சில் எழும்பியது.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். யேசுரத்தினம் எழும்பத்தான் நினைத்தார். சபை அரை மைல் தூரத்தில் இருக்கிறது, மூப்பர் மரத்தடியில் நிற்கிறார், பிள்ளைவாள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறார். பயந்த மனசு வேறே எப்படிக் கணக்குப் போடும்? கையை மணலில் ஊன்றினார். கால் வரவில்லை. இன்னொரு தடவை ஊன்றினார். இடுப்புக்குக் கீழே அவருக்கு என்று ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

சுற்றிலும் வேட்டிகளும் கண்டாங்கிகளும் சுவராக நின்றன. அந்தச் சுவர் விலகி, சலங்கை கட்டிய இரண்டு கால்கள் அவர் முன்னால் வந்து நின்றன. அம்மன் வந்து ஆடுகிற கோமரத்தாடியின் கால்கள். நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. யேசுவே என்று சொல்ல நினைத்தாரா, அம்மா என்று சொல்ல நினைத்தாரா, அவருக்கே தெரியாது. ஒரு கை திருநீற்றை அள்ளி அவர் தலையில் எறிந்தது. சலங்கை அந்தப் பக்கம் போய்விட்டது.

எல்லாரும் இருந்த பிறகு பிள்ளைவாள் குனிந்து கேட்டார். "என்னலே?"

"கால் மரத்துப் போச்சு எசமான்."

பிள்ளைவாள் அவர் காலைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரு பிடிச்சு இவன வெளிய கொண்டு விடுங்கலே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியில் வாய்க்காலில் இறங்கித் தலையிலிருந்த திருநீற்றைக் கழுவினார், சபைக்காரர்கள் கண்ணில் படக்கூடாதே என்று. கழுவின பிறகு, ஐயோ கழுவிவிட்டோமே என்று அம்மனுக்குப் பயந்தார். அடுத்த நாலு காலையிலும் எழுந்தவுடன் கையையும் நெஞ்சையும் தடவி முத்து ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவர் கண்ணுக்குக் கொசு கடித்த தடிப்பெல்லாம் வைசூரி.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டாரோ இல்லையோ, சிலுவைதாசன் எழும்பி, சாட்சி சொல்ல வேண்டும் என்றார். வியாபாரத்துக்குப் போன இடத்தில் கண்ட காட்சி என்று ஆரம்பித்தார். ஊரே எழும்பி நின்றதாம், பண்ணையாரே எழும்பி நின்றாராம், நம்முடைய ஒரு சகோதரன் மட்டும் கன்மலை மாதிரி அசையாமல் இருந்தானாம். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யேசுரத்தினம், எழும்பி நில்லும். சபை உம்மைப் பார்க்கட்டும்" என்றார்.

இந்தத் தடவை கால் வந்தது. நின்றார். மாப்பிள்ளை வீட்டார் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்கள். ராஜபாய் பெண்கள் பக்கத்திலிருந்து, கால் மரத்துப் போச்சுன்னுதானே சொன்னீங்க என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் என்ன செய்வார்? இல்லை, எழும்பத்தான் பார்த்தேன் என்றால் மூன்றாவது ஓலை கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால், இந்தப் பெருமை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பிள்ளைவாள் வீட்டுக்குப் போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆள் வந்தது, பிள்ளைவாள் கூப்பிடுகிறார் என்று. யேசுரத்தினம் துண்டைக்கூட மறந்து வாசலில் இறங்கிவிட்டார். நேசம்மாள்தான் எடுத்துக் கொடுத்து, "நானும் வாரேன்ப்பா" என்று கூடவே நடந்தாள்.

பிள்ளைவாள் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"கால் மரத்துப் போச்சுன்னு எங்கிட்ட சொன்ன. அம்மனுக்கு எழும்ப மாட்டேன்னு இருந்ததா உங்க கோயில்ல சொல்லியிருக்கு. காலா வரல்ல, மனசா வரல்ல?"

யேசுரத்தினம் மகளைப் பார்த்தார். களத்து நெல்லைப் பார்த்தார். பிறகு அழுதுவிட்டார்.

"எழும்பத்தான் பாத்தேன் எசமான். உங்களுக்குப் பயந்தேன், சபைக்குப் பயந்தேன், அம்மைக்கும் பயந்தேன். பயத்துல கால் வரல்ல. இத எங்க கோயில்ல சொன்னா எம் பிள்ளைக்குக் கலியாணம் இல்ல. எசமான் இறங்கிப் போன்னு சொன்னா அவள வாழ அனுப்ப எனக்கு வீடு இல்ல."

பிள்ளைவாள் காயும் நெல்லைக் காலால் ஒரு தடவை கிளறிவிட்டார். நேசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அம்மனுக்கு எழும்பாதவன் தோப்புல இருக்கக்கூடாதுன்னு ஊர்ல நாலுபேரு சொல்லுகான். அவனுவளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்லா?" என்றார் பிள்ளைவாள். "இனிமே நீ எந்தப் பாட்டுக்கும் இரியக்கூடாது. எங்க கொடையானாலும் சரி, உங்க கலியாணமானாலும் சரி, வெளியில பாட்டுன்னு ஒண்ணு கேட்டா தொடங்கினதுல இருந்து முடியுதுவரை நிக்கணும். அதான் உனக்குத் தண்டனை. இருந்தேன்னு என் காதுல விழுந்தா, அன்னைக்கே தோப்ப விட்டு இறங்கு."

"சரி எசமான்" என்றார் யேசுரத்தினம். காலில் விழப்போனார். பிள்ளைவாள் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் போனது. கலியாணத்தன்று காலையில் கோயிலில் தாலிகட்டு, சாயங்காலம் குடிசை முன்னால் தென்னம்பந்தலில் கீர்த்தனைக் கச்சேரி. ஆர்மோனியம், மிருதங்கம், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பாட்டு. ஊரெல்லாம் பாயில் இருந்தது. பிள்ளைவாள் ஒரு வாழைக்குலையைக் கொடுத்துத் தன் காரியஸ்தர் தாணுமாலயனை அனுப்பியிருந்தார். காரியஸ்தருக்கு முன்வரிசையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்த அவருடைய கண் அடிக்கடி பந்தல்காலுக்குப் போய் வந்தது.

பந்தல்காலைப் பிடித்தபடி பெண்ணின் அப்பன் நின்றுகொண்டிருந்தார். விடியுமுன் தண்ணீர் கோரின கால்கள், நாளெல்லாம் பந்திக்கு ஓடின கால்கள். "இரியும் வே" என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். "என்ன பக்தி பாரு, துதிப் பாட்டுக்கு மனுஷன் இருக்கமாட்டேங்கான்" என்றார் சிலுவைதாசன். யேசுரத்தினம் சிரிக்கப் பார்த்தார். முழங்கால் நடுங்குவது மணமேடைப் பாயில் இருந்த நேசம்மாளுக்குத் தெரிந்தது. களத்தில் நடந்தது அந்தப் பந்தலில் அவரை விட்டால் அவளுக்கும், பிள்ளைவாள் சொல்லி அனுப்பியிருந்த காரியஸ்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

பாட்டு முடிந்து போதகர், "எழும்பி நின்று ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் எழும்பினார்கள், கண்ணை மூடினார்கள். மரியாதைக்குக் காரியஸ்தரும் எழும்பினார்.

நேசம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பந்தல்காலைப் பார்த்தாள். அங்கே அப்பாவின் தலை இல்லை. ஆட்களின் கால்களுக்கு நடுவே தேடினாள். பந்தல்காலில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நீட்டி, அவர் மணலில் இருந்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். எழும்பப் பார்த்துக் கையை ஊன்றினார், முடியவில்லை, விட்டுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

போதகர் ஆமென் என்றார். இனி எல்லாரும் இருப்பார்கள், மிருதங்கம் மறுபடி தொடங்கும், காரியஸ்தரின் கண் பந்தல்காலுக்குப் போகும்.

யாரும் முழங்காலை மடக்குவதற்குள் நேசம்மாள் பாடத் தொடங்கினாள். எழும்பி நின்றுதான் பாட வேண்டும் என்று சபையில் வழக்கமுள்ள ஒரு துதிப் பாட்டு. கலியாணப் பெண் தன் பந்தலில் வாயைத் திறந்து பாடினதை அந்த ஊர் கண்டதில்லை. ராஜபாய்க்கு முகம் கறுத்துப் போனது. தேவகுமார் திகைத்துப் பார்த்தான், பிறகு அவனும் சேர்ந்து பாடினான். ஆர்மோனியம் தட்டுத்தடுமாறிச் சுருதியைப் பிடித்தது. வழக்கம் வழக்கம்தானே, இருக்கப்போனவர்களெல்லாம் நிமிர்ந்து நின்றார்கள். ஊர் நிற்கும்போது தாம் மட்டும் இருப்பது எப்படி என்று காரியஸ்தரும் நின்றார். நடுவில் ஆட்கள் சுவராக நின்றதில் பந்தல்காலடி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் எல்லாச் சரணத்தையும் பாடினாள். பாடி முடித்ததும் முதல் சரணத்திலிருந்து மறுபடியும் எடுத்தாள். பந்தலில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், யேசுரத்தினம் ஒருவர் மட்டும் மணலில் இருந்து கேட்டார்.