செம்புக்குத் துக்கம் காப்பவர்

நாக்கை நீட்டிச் செம்புக் கட்டியை ஒரு நக்கு நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் பெத்தேமின். மற்றவர்களுக்கு உரைகல், இவருக்கு நாக்கு. "ஈயம் கலந்திருக்கான் திருட்டுப்பய," என்று துப்பிவிட்டு அடுத்த கட்டியை எடுக்கிறார்.

அக்மீம் ஊரில், மின் என்ற தெய்வத்தின் கோயில் பட்டறை இவர் பொறுப்பு. செம்பைப் பொன்னாக்குவது வேலை. பூச்சு வேலை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "தெய்வத்துக்குச் சதையே பொன்னுய்யா! பொன் தகடு ஒட்டுறவன் சட்டை மாட்டி விடுறான். நான் உடம்பையே மாத்துறேன்." கந்தகத் தண்ணீர், அரிதாரம், கழுதை மூத்திரம், நடுநடுவே மந்திரம். பட்டறை நாற்றத்தில் மூக்கு மரத்துப்போன அந்தத் தெருப் பூனைகள் மீனைக் கண்டால் மிரண்டு ஓடுகின்றன, எலியிடம் பாசமாக இருக்கின்றன.

மூடிய கலத்தில் செம்பு முதலில் கன்னங்கரேலென்று கறுக்கும். பெத்தேமினைப் பொறுத்தவரை அது செத்துப்போயிற்று. சாவு விழுந்த வீட்டு ஆண்கள் எங்கள் ஊரில் சவரம் செய்வதில்லை; செம்பு மஞ்சளாகி எழும்வரை இவரும் செய்வதில்லை. பீரையும் தொடுவதில்லை. "ஒசிரிசு சாமியே கறுத்துச் செத்துத்தானே எந்திரிச்சாரு? துக்கம் காக்க ஆளிருந்தாத்தான் எந்திரிக்கும்," என்பார். கலம் காலியாக இருக்கும் நாள் அபூர்வம் என்பதால், இவர் முகத்தை மழமழவென்று பார்த்தவர்கள் ஊரில் மூன்றே பேர். அதில் இருவருக்கு இப்போது கண் தெரியாது.

"பெத்த தாயி செத்தப்பக்கூட சீக்கிரமே சிரைச்சுக்கிட்டாரு," என்பாள் மனைவி சென்மின். "ஒரு சாமான் கறுத்தா மட்டும் பொணம் மாதிரி திரியறாரு."

இம்முறை கலத்துக்குள் கிடந்தது திருவிழாவுக்கான பருந்துச் சாமி. ஒன்பது நாளாகியும் கறுப்பு மாறவில்லை. திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பூசாரி ஹர்சியேசி, எண்ணெய் மின்னும் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு விடிஞ்சதும் சாமி சந்நிதியில இருக்கணும்ப்பா. செஞ்சவன் கையாலதான் வைக்கணும். உடம்புல ஒரு முடி இருந்தாலும் உள்ள விட மாட்டேன்."

"பொணத்தை உள்ள போட்டுக்கிட்டு எப்படி சாமி சிரைக்கிறது?"

"அப்ப தகடு ஒட்டுறவனைக் கூப்பிட்டுக்கறேன். இனிமே பட்டறையும் அவனுக்குத்தான்."

பூசாரி போனபின் பெத்தேமின் கலத்தின் முன் குந்திவிட்டார். சவரக்கத்தியை எடுத்தார், வைத்தார். சிரைத்தால் செம்பு எழாது. சிரைக்காவிட்டால் எழுந்த செம்பைக் கொண்டுபோக ஆளில்லை. ஆளைப் பார்த்தால் அவரையே கலத்துக்குள் போட்டுக் கறுக்க வைத்தது போலிருந்தது.

மாவு பிசைந்துகொண்டிருந்த சென்மின் கையை உதறினாள். "யோவ், ஒசிரிசு சாமிக்கு அழுதது யாரு?"

"அவரு பொண்டாட்டி."

"அவ தலைவிரிச்சு அழுதாத்தானே எந்திரிச்சாரு? எந்த ஆம்பள சிரைச்சான், சிரைக்கலேன்னு எவனாச்சும் கேட்டானா? தள்ளு. நீ போய்ச் சிரை."

கூந்தலை அவிழ்த்துவிட்டாள். ஆற்றுச் சேற்றை அள்ளித் தலையில் அப்பிக்கொண்டு கலத்தின் முன் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "என் செம்பு ராசாவே! உன்னால என் புருசன் பீர் குடிச்சு ஒன்பது நாளாச்சே! குடிக்காத மனுசன் கொடுமை உனக்கென்ன தெரியும், என் கண்ணே!" ஆரம்பத்தில் கேலியாகத்தான் அழுதாள். பட்டறை போய்விட்டால் என்னாகும் என்ற நினைப்பு வந்ததும் அழுகை அசலாயிற்று. உள்ளே கத்தி சரசரத்தது.

கிழக்கு வெளுக்கும்போதே மூடியைத் திறந்தார்கள். அலகிலிருந்து வால் வரை இளமஞ்சள். சேறு காய்ந்த தலையோடு சென்மின் எட்டிப் பார்த்தாள். பெத்தேமின் பருந்தை இரு கையாலும் தூக்கினார். மழித்த முகத்தில் நாக்கு, பழக்கத்தில், பாதி தூரம் வெளியே வந்துவிட்டது. பருந்தின் கண் அவரையே பார்த்தது. நாக்கை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, தோளில் வாயைத் துடைத்து, மொட்டைத் தலையைத் தாழ்த்தினார்.