ஹெலிக்குச் சாரம் காட்டினவன்

போன வருசம், மாரி தொடங்க முன்னம், ஒரு காலமை நாயாற்றுக் களப்பில நடந்தது இது. நானும் என்ர மனிசியின்ர தம்பியும் வள்ளத்தில இறால் வலை இழுத்துக்கொண்டு நிண்டனாங்கள். அவன் வலையை இழுப்பான், நான் கதையை இழுப்பன். எங்கட தொழில் அப்பிடித்தான் ஓடுது.

மேல இரண்டு சின்னப் பிளேன் சோடியாச் சுத்திச்சுது. புதுப் பைலட்மாருக்குப் பயிற்சியாம், ஒரு கிழமையா உதே வேலை.

"ஏன்டா உவங்கள் பள்ளிக்கூடம் போற பெட்டையள் மாதிரி ஒட்டி ஒட்டிப் போறாங்கள்?" எண்டு கேட்டன். கேட்ட வாய் மூடேல்லை, ஒண்டின்ர செட்டை மற்றதில முட்டிச்சுது. தகரம் கிழியிற மாதிரி ஒரு சத்தம். ஒரு பிளேன் கடலுக்குள்ள, மற்றது காட்டுக்குள்ள.

நான் அதுக்குள்ள வள்ளத்தில குப்புறப் படுத்திட்டன். எனக்கு மேல மச்சான். நாங்கள் சண்டைக் காலத்தில வளந்த ஆக்கள். பள்ளிக்கூடத்தில நான் ஒழுங்காப் படிச்ச ஒரே பாடம் உதுதான்: மேல சத்தம் கேட்டாக் குப்புறப் படு, காதைப் பொத்து, வாயைத் திற. பிந்திப் படுத்த ஆக்களைப் பற்றி இப்ப கதைக்கேல்லை.

மெல்லத் தலையைத் தூக்கிப் பாத்தா, இரண்டு பரசூட் இறங்குது. ஒண்டு தூரத்தில கண்டல் காட்டுக்கு அங்கால போய் மறைஞ்சிட்டுது. மற்றது எங்களுக்குக் கிட்டத் தண்ணிக்குள்ள விழுந்தது.

"அத்தான், ஆமி ஆள். தொட்டா விசாரணை எண்டு அலைய விடுவாங்கள்."

"ஆள் தண்ணிக்குள்ள தாழுறான்டா. வள்ளத்தைத் தள்ளு!"

பரசூட்டின்ர நூலுகளை வெட்டி, அதைத் தண்ணியில விட்டிட்டு, ஆளை மட்டும் இழுத்து ஏத்தினம். தொப்பியைக் கழட்டினா மீசை கூட ஒழுங்கா முளைக்காத பெடியன். ஒரு கால் முறிஞ்சு திரும்பிக் கிடந்தது. தலையைத் தூக்கி என்ர மடியில வைச்சன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு "யாலுவா, யாலுவா" எண்டு அழுதான். மற்றப் பரசூட்டில வந்த தன்ர கூட்டாளியைக் கேக்கிறான். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மீன் லொறிக்காரரிட்டப் படிச்சது. யாலுவா, எவ்வளவு, கொஞ்சம் கூட்டித் தாங்கோ, அவ்வளவுதான். வானத்தால விழுந்தவனிட்ட அதையே கதைக்கிறது? கையைக் குடை மாதிரி விரிச்சு, கண்டல் பக்கம் காட்டினன். அவனுக்கு விளங்கிட்டுது.

அங்க வள்ளம் போகாது, முழுக்கச் சேறு. போனையும் நனையுமெண்டு கரையில விட்டிட்டு வந்தனாங்கள். என்ன செய்யிறதெண்டு முழிச்சுக்கொண்டிருக்க, கடல் பக்கத்தால ஹெலி வந்தது. தண்ணியில கிடந்த பரசூட்டைக் கண்டு நேர எங்கட தலைக்கு மேல பதிஞ்சு வந்தது. நான் எழும்பிக் கண்டல் பக்கம் காட்டினாலே போதும், மற்றவன் தப்புவான். ஆனா நான் என்ன செய்தன்? திரும்பவும் குப்புறப் படுத்திட்டன்! மச்சானும் பக்கத்தில. பாரை மீனும் சூடை மீனும் அடுக்கின மாதிரி இரண்டு பேரும் கிடக்கிறம்.

பெடியன் எழும்பப் பாத்தான், ஏலேல்லை. என்னை ஏசுவான் எண்டு நினைச்சன். ஏசேல்லை. என்ர முதுகில கையை வைச்சு, தாய் பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி மெல்ல மெல்லத் தட்டினான். காலும் முறிஞ்சு, கூட்டாளியும் எங்கயெண்டு தெரியாமல் கிடக்கிறவன் என்னைத் தட்டுறான்! எனக்கு அழுகை வந்திட்டுது.

மற்றவனைக் கடலில தேடவாக்கும், ஹெலி திரும்ப அந்தப் பக்கம் போக வெளிக்கிட்டுது. நான் எழும்பினன்.

"அத்தான், படுங்கோ! சுடுவாங்கள்!"

அசைக்க ஒரு துணியில்லை. இடுப்பில கட்டியிருந்த சாரத்தை அவிட்டன். உள்ளுக்குப் போட்டிருந்தது மகன்ர பழைய விளையாட்டுக் காற்சட்டை, பின்னால பெரிய ஓட்டை. சாரத்தைக் கண்டல் பக்கம் வீசி வீசி, "அங்க! அங்க!" எண்டு தமிழில கத்துறன், ஹெலிக்குள்ள இருக்கிறவைக்குக் கேக்கும் எண்ட மாதிரி.

ஹெலி திரும்பிச்சுது. கண்டலுக்கு மேல போய் நிண்டு கயிறு விட்டுது. கனநேரம் ஒண்டுமில்லை. மச்சானும் எழும்பிப் பக்கத்தில நிக்கிறான். பெடியன்ர நகம் என்ர காலில குத்துது. பிறகு கயித்தில ஒரு ஆள் தொங்கிக்கொண்டு மேல வந்தான். துணி மாதிரிக் கிடந்தான். அந்த ஆளின்ர கை ஒண்டு அசைஞ்சுது.

பெடியன் சிரிக்கிறானோ அழுகிறானோ தெரியேல்லை. இறால் நாத்தத்தோட கிடந்த என்ர கையை எடுத்துத் தன்ர கண்ணில ஒத்தினான்.

"அத்தான், இனிச் சாரத்தைக் கட்டுங்கோ. ஊர் மானம் போகுது" எண்டான் மச்சான்.

கொஞ்ச நேரத்தால நேவிப் படகு வந்து அவனை ஏத்திக்கொண்டு போச்சுது. போகேக்க ஏதோ சொன்னான், எனக்கு விளங்கேல்லை. பேரும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒருநாளும் காணேல்லை.

இப்பவும் மேல சத்தம் கேட்டா என்ர உடம்பு என்னைக் கேக்காமலே குனியுது. ஆனா முந்தி மாதிரி வெறும் பயம் மட்டும் இல்லை, மேல பறக்கிறதுக்குள்ளயும் ஆரோ பெத்த பிள்ளை இருக்கு, அது பத்திரமா இறங்கோணும் எண்டும் இப்ப மனம் கேக்குது.