வீடுதான் ஆடியது

மதினியை நினைத்தால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்த கோலம்தான் எனக்கு முதலில் வரும். நல்ல வெயில். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார். பின்னால் வீடு விரியத் திறந்து கிடந்தது. காலையிலிருந்து அவர் உள்ளே போகவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணனுக்குக் குவைத்தில் வேலை. அறந்தாங்கியின் ஓரத்தில், ஒரு பழைய கண்மாயை மண்ணடித்து மேடாக்கிப் பிரித்த மனையில் வீடு கட்டியிருந்தார்கள். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு மதினி தனியாகத்தான் இருந்தார். அண்ணனுக்கு ஒரே கனவு, அதன்மேல் ஒரு மாடி எழுப்பிவிட்டு ஊரோடு வந்துவிடுவது.

அன்று காலை மதினி போனில் அழைத்து, கட்டில் ஊஞ்சல்போல ஆடியதாகவும் தொட்டித் தண்ணீர் அலையடித்துச் சுவரில் வழிந்ததாகவும் சொன்னார். நான் திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அடியில் பாறை; அஸ்திவாரம் தோண்டியபோது கடப்பாரை முனை மழுங்கிப்போனது. அந்த நேரத்தில் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் லேசாகக் கிலுங்கி அடங்கின, அவ்வளவுதான். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதற்குள் அண்ணன் குவைத்திலிருந்து பேசினார். முந்தைய வருடம் மதினிக்குத் தலைச்சுற்றலுக்கு வைத்தியம் பார்த்திருந்தோம். அதுதான் திரும்பி வந்திருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப்போ என்றார். தனியாக இருந்து இருந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று உறவில் பேச்சு கிளம்பிவிட்டிருந்தது. நான் பஸ் ஏறினேன்.

நான் போய் நின்றதும் மதினி எழுந்து வந்தார். குரல் உயரவில்லை.

"எனக்குக் கிறுகிறுப்பு வரலை தம்பி. வீடுதான் ஆடுச்சு. ஒங்க அண்ணன் நம்ப மாட்டேங்குறாக."

அக்கம்பக்கம் கேட்டோம். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதை. தலை சுற்றுகிறது என்று நினைத்து ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கண்மாயின் பழைய கரையைத் தாண்டி, கெட்டியான செம்புறாங்கல் மேட்டில் இருந்தவர்களோ ஒரு சின்ன அதிர்வோடு சரி என்றார்கள். சாயங்காலம் டிவியில் வந்தது: தொலைவில் எங்கோ நிலநடுக்கம்.

ஒரே ஊருக்குள் இப்படி ஏன் என்று என்னோடு வேலை பார்த்த புவியியல் ஆசிரியையிடம் போனில் கேட்டேன். பாறையில் அதிர்வு சட்டென்று கடந்து போய்விடும், ஈரக் களிமண்ணும் கொட்டிய மண்ணும் இருக்கும் இடத்தில் அதே அதிர்வு வேகம் குறைந்து பெரிதாகி, நெடுநேரம் நின்று ஆட்டும் என்றார். "கெட்டித் தயிர் இருக்குற கிண்ணத்தைத் தட்டிப் பாருங்க சார். கிண்ணம் நின்ன பெறகும் தயிர் ஆடும்."

மதினியிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்குப் போட்டார்.

அடுத்த விடுப்பில் அண்ணன் வந்ததும், மாடி போடுமுன் மண்ணைப் பார்த்துவிடுவோம் என்று கொல்லையில் குழி தோண்ட வைத்தார். செம்மண் கொஞ்சம்தான் வந்தது. அப்புறம் கறுப்புக் களி, வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள், ஊறிவந்த தண்ணீர். அண்ணன் குனிந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். "ஒன்னய நம்பியிருக்கணும்" என்று அவர் மதினியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

இந்த மண்ணில் மாடி போடுவதானால் முதலில் அடித்தளத்தை ஆழமாகப் பலப்படுத்த வேண்டும் என்றார் இன்ஜினியர். அதற்கு அண்ணன் இன்னும் சில வருடங்கள் குவைத்தில் இருந்தாக வேண்டும். அவர் போவதற்குத் தயாராகத்தான் இருந்தார். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த மதினி கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாடி வேணாம்ங்க. நீங்க இருங்க."

அண்ணன் திரும்பப் போகவில்லை. கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்தார். மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். லீவு நாளில் நான் போனால் எனக்கும் ஓர் இலை விழும். மீன் குழம்பில் யாருக்குத் தலை என்று அண்ணனும் மதினியும் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். அப்படி நிறைய மத்தியானங்கள்.

மதினி போன ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனார். அந்த வரிசையில் இப்போது பல வீடுகளுக்கு மாடி வந்துவிட்டது. அண்ணன் வீடு மட்டும் தாழ்வாக நிற்கிறது. போன மாதம் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் மாடி போடச் சொல்லி நச்சரிப்பதாக அண்ணன் சொன்னார். என்ன பதில் சொன்னீர்கள் என்றேன்.

"மாடி போடாததாலதான்டா நான் இங்க இருந்தேன்" என்றார்.