பூநாரையின் கால் வளையம்

போன தை மாதம், எண்ணூர் முகத்துவாரத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

படகில் மீன் பிடிப்பதுதான் என் தொழில். இப்போது ஆற்றில் மீனைவிட அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் அதிகம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொள்கிறேன். அன்று வந்தவர்கள் ராயபுரத்து டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும்.

படகைச் சேற்றில் தட்டவிட்டு நிறுத்தினேன். டீச்சர் மூன்று கால் வைத்த தூரக்கண்ணாடியில் பார்த்தவர், மூச்சை இழுத்துக்கொண்டார். பூநாரைக் கூட்டத்தில் ஒன்றின் காலில் வளையம், அதில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. அதைப் படித்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது, என்ன வயது என்று கண்டுபிடித்துவிடலாமாம். இப்படி ஒரு வளையத்துக்காகவே ஐந்து வருடமாக அலைகிறாராம். முதல் இரண்டு எழுத்தைப் படித்ததுமே பறவை அந்தக் காலை மடக்கிக்கொண்டது.

மடவை மீனை வலைக்குள் விரட்டப் படகைத் துடுப்பால் தட்டுவோம். அந்தப் பழக்கத்தில், காலை நீட்டட்டும் என்று நானும் டம் டம்மென்று தட்டிவிட்டேன். மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது.

"இன்னா பெரியவரே, இப்டி பண்ட்டீங்க!" டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "போன வாரம் வவ்வால் பாக்க ஒரு ஊருக்குப் போனோம். ஆலமரத்து வவ்வாலு பயப்படும்னு தீபாவளிக்கு ஒரு வெடிகூட வெடிக்க மாட்டாங்களாம். நீங்க டமாரமே அடிச்சிட்டீங்க."

"இன்னா நைனா, மீனு புடிக்க வந்தியா, என் பொஞ்சாதிய அழ வெக்க வந்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

வெட்கமாகிவிட்டது. "தண்ணி வத்தசொல்லோ அதுங்க எங்க எறங்கும்னு எனக்குத் தெரியும்மா. பேசாம வாங்க" என்றேன்.

என் அப்பா பூநாரையின் முட்டி நனைவதை வைத்தே ஆழம் சொல்வார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கத் திட்டில் காத்திருந்தோம். வெயில் ஏறியதும் கூட்டம் இறங்கியது. வளையக்காரனும் வந்தான், வந்ததும் வளையக் காலை மடக்கி ஒற்றைக் காலில்தான் நின்றான். டீச்சர் கண்ணில் நீர் வழியும்வரை பார்த்தார். பிறகு நகர்ந்து, "நீங்களும் ஒருவாட்டி பாருங்க" என்றார்.

நான் கண்ணை வைத்ததும் கால் கீழே இறங்கியது. எழுத்துகளைக் கண்டேன். ஆனால் என்ன எழுத்து என்று எப்படிச் சொல்வேன்? அதற்குள் அது ஆழத்துக்குள் நடந்துவிட்டது. கடைசியில் இருந்ததைச் சேற்று விரலால் பலகையில் வரைந்தேன். ஒரு கம்பு, அதில் சாய்ந்த இரண்டு குச்சி.

"பெரியவரே, இது கே!" என்று கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டார் டீச்சர்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். குஜராத் உப்பளத்தில், குஞ்சாக இருந்தபோது போட்ட வளையமாம். தினம் கண்ணெதிரே நின்ற பறவைகளுக்கும் ஓர் ஊர் இருக்கும், வயது இருக்கும் என்று இத்தனை காலம் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான், இப்போது படகை எடுக்கும்போதெல்லாம் மனதில் ஓடுகிறது.