சேச்சி கேட்ட சம்பாத்தியம்

மாடி வீட்டுக்காரியும் நானும் ஒருவரை ஒருவர் 'சேச்சி' என்றுதான் கூப்பிடுவோம். மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா. எங்களில் யார் மூத்தவள் என்பது இன்றுவரை தீரவில்லை. நான் பிறந்த வருஷத்தை நான் சொன்னதில்லை, அவளும் வாயைத் திறந்ததில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் மலையாளப் பெண் என்றால் சேச்சி. அவளுக்கோ மரியாதை கொடுக்க வேண்டிய பெண்கள் எல்லாரும் சேச்சி. ஆக ஒரே படிக்கட்டில் இரண்டு அக்காக்கள், தங்கை யாரும் கிடையாது.

கீழ்வீட்டில் நாங்கள், திருநெல்வேலிப் பக்கம். மாடியில் அவர்கள், திருச்சூர்ப் பக்கம். என் வீட்டுக்காரரும் சேட்டனும், அதாவது சேச்சியின் கணவரும், ஒரே தொழிற்சாலையில் ஒரே கிரேடில் வேலை பார்த்தார்கள். ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்று ஒரே சம்பளம் வாங்கிவந்தார்கள். அப்படியென்றால் இரண்டு வீட்டிலும் ஒரே வசதிதானே என்று நினைக்கிறவர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவராக இருக்கமாட்டார். சம்பளம் ஒன்றாக இருந்தால்தான் மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கச் சௌகரியம். நாங்கள் பார்த்தோம், எண்பதுகள் முழுக்க அதே வேலையாகப் பார்த்தோம்.

சேச்சியின் தம்பி கல்ஃபில் இருந்தான். அவன் தயவில் அவள் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர், பொத்தானை அமுக்கினால் விரியும் குடை, புலிப் படம் போட்ட கம்பளி எல்லாம் இருந்தன. ஆவடி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெளிநாட்டுச் சோப்பு. அவள் புடவை மாற்றிக்கொண்டு படியிறங்கினால் கீழே எங்கள் சாம்பார் மணம் தோற்றுப்போகும். போதாததற்குத் தினமும் மீன். எனக்கு வயிறு எரிந்தது என்று சொல்ல வெட்கமில்லை, எரியத்தான் செய்தது.

அவளுக்கும் என்மேல் ஒரு கண் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் தங்கம் போட்டுத்தான் அனுப்புவார்கள். என் கையில் வளையல் ஆடினால் அவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஊரில் என் வீட்டுக்காரருடைய தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் பங்குக்கு என்று அறுப்புக்கு அறுப்பு அரிசி மூட்டை ரயிலில் ஏற்றிவிடுவார். ஸ்டேஷனிலிருந்து மூட்டையோடு ரிக்‌ஷா வந்து நின்றதும் மாடி ஜன்னல் திறக்கும். திருநெல்வேலிக்காரர்கள் தலையணைக்குள் பஞ்சு வைப்பதில்லை, தங்கம்தான் வைக்கிறார்கள் என்று அவள் யாரிடமோ சொன்னது என் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. சொல்லிவிட்டுப் போகட்டுமே.

இந்த விளையாட்டில் ஒருநாள் மண் விழுந்தது. பக்கத்து பிளாக்கில் ஒருவர் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய லாரி வந்தது. ஆயுசில் பாதியை அந்த வீட்டில் கழித்தவருக்கு ஏற்றச் சாமான் ஒன்றும் பெரிதாக இல்லை. கடைசியாக அவர் மனைவி ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிவந்தாள். வழியில் உருண்டு மண் கொட்டும் என்று டிரைவர் அதை இறக்கி வைத்துவிட்டார். லாரி போனபிறகு தொட்டி மட்டும் ரோட்டோரம் நின்றது. அதை எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்துக்கொண்டேன். பயமும் அதோடு சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. நமக்கும் ஒருநாள் லாரி வரும், அது எங்கே போகும்? ஊர் வீட்டைப் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு விழுந்தது மாட்டுத் தொழுவம். மாட்டையும் கொழுந்தனார் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ரிட்டையர் ஆவதற்குள் எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சேச்சி அந்தக் கேள்வியைக் கேட்டாள். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தோம்.

"சேச்சி, ஒரு காரியம் சோதிக்கட்டே?"

சோதிப்பது என்றால் அவர்கள் பாஷையில் கேட்பது. அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"கேளுங்க சேச்சி, என்ன?"

"நிங்களுக்கு மாசம் சம்பாத்தியம் எத்ர வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. தன் புருஷன் வாங்குகிற அதே சம்பளம் என்று தெரிந்துகொண்டே கேட்கிறாளே, என்ன திமிர்! ஓவர்டைமையும் சேர்த்து, அதற்கும் மேலே கொஞ்சம் தட்டிவிட்டு ஒரு தொகையைச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. "என்டெ குருவாயூரப்பா! எல்லா மாசமுமா?"

"பின்னே? ஒண்ணாந்தேதி ஆனா வந்திரும்லா."

"அப்போ சாப்பாட்டுக்கு?"

"அரிசிதான் ஊர்லருந்து வந்துருதே" என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

அவள் என்னைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு வரும் சேச்சி?" என்று பதிலுக்குக் கேட்டேன்.

"ஞங்களுக்கா? சம்பாத்தியம் ஒண்ணும் இல்லா சேச்சி" என்று கையை விரித்தாள்.

மாசாமாசம் சேட்டன் சம்பளக் கவரோடு சைக்கிளில் வருவதை நானே பார்க்கிறேன். இவள் சம்பாத்தியமே இல்லை என்கிறாள். வீட்டுக்குள் வந்து யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கல்ஃப் பணம் அவ்வளவு கொட்டுகிறது, அதற்கு முன்னால் இந்தச் சம்பளமெல்லாம் அவளுக்கு ஒரு சம்பாத்தியமாகவே தெரியவில்லை!

"இங்கேருங்க, அவுக உங்க சம்பளத்தை மனுசனா மதிக்கலை" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சம்பளம் மனுசன் இல்லையே" என்றார் அவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் சட்டென்று புரிந்துகொள்ளமாட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மாடியில் மீன் வாசனை குறைந்தது. டேப் ரெக்கார்டர் வாயை மூடிக்கொண்டது. கரண்டு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சேட்டன் ஒருநாள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "சாரே, எப்படி சாதிக்குது?" என்று கேட்டாராம். இவரும் ஏதோ கேரம் போர்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "எல்லாம் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் அப்போது வேர்க்கடலை விளைந்த நிலத்தையெல்லாம் மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். சேச்சிதான் சேதி கொண்டுவந்தாள். "நிங்கள் ஒண்ணு வாங்கினா பக்கத்தில ஞங்களும் ஒண்ணு வாங்கும்." கல்ஃப் பணக்காரியே பக்கத்தில் இருக்கும்போது கையைக் கடித்தால் ஒரு கை கொடுக்கமாட்டாளா என்று நானும் தலையை ஆட்டினேன். அவளும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறாள் என்பது பின்னால் தெரிந்தது.

நிலத்துக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்கக்கா, வா சேச்சி. இன்னாத்துக்கு வெய்யில்ல நின்னுகினு கீறீங்கோ, மரத்தாண்ட ஒக்காருங்க. ஒர்த்தர் ஊட்ல கல்பு பணம், ஒர்த்தர் ஊட்ல தங்கம்னு ஊரே பேசிக்கினு கீது. உங்களாண்ட நான் பேரம் பேசப்போறேனா?"

கல்ஃப் பணத்தை அவரிடம் சொன்னது நான். தங்கத்தைச் சொன்னது அவள். பேரம் என்னவோ நன்றாகவே பேசினார். அக்கம்பக்கமாக இரண்டு மனைக்கு இரண்டு பேரும் அட்வான்ஸ் கொடுத்தோம். என்னுடையது வளையல்களை விற்ற பணம். மறுநாளே அதே போல மினுங்குகிற கவரிங் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குறித்த நாளில் மீதியைக் கட்டிப் பத்திரம் பதியாவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான் என்பது பேச்சு.

நாள் நெருங்கியது. சீட்டுப் பணம், பி.எஃப். லோன் எல்லாம் சேர்த்தும் பாதிதான் தேறியது. அந்த வருஷம் பார்த்துக் கொழுந்தனார் அரிசியையும் நிறுத்திவிட்டார். இனிமேல் வேண்டுமானால் விலைக்குத்தான் என்று சொல்லியனுப்பினார். மானம் போய்விடுமே என்று ரேஷன் அரிசியை வாங்கி ஊர்ச் சாக்கில் கொட்டி, ஆள் பார்க்கிற இடத்தில் நிறுத்திவைத்தேன். சாக்கு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாக்கைக் காட்டிப் பத்திரம் பதிய முடியுமா? வளையலும் போய் மனையும் போனால், லாரி வருகிற அன்றைக்கு என்னிடம் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றுதான் மிஞ்சும்.

வேறு வழியில்லை, சேச்சியிடம் கேட்டுவிடுவது என்று மாடிப்படி ஏறினேன். படி திரும்புகிற இடத்தில் அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"உங்களைப் பாக்கத்தான் வாரேன்" என்றேன்.

"ஞானும் நிங்களைக் காணான்தான் வருது" என்றாள்.

"ஒரு உதவி..." என்று இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நிறுத்தினோம்.

அவள்தான் முந்திக்கொண்டாள். "நிங்களு மாசம் அத்ர மிச்சம் பிடிக்குதல்லே, கொஞ்சம் தந்தா..."

"மிச்சமா? நானா? யாரு சொன்னா?"

"நிங்கள்தான்! குழாயடியில் ஞான் சம்பாத்தியம் சோதிச்சப்போ சொன்னதில்லே?"

"அது சம்பளம்லா! சம்பாத்தியம்னா வாங்குத சம்பளம்."

"அய்யோ, அல்ல சேச்சி. சம்பாத்தியம் எந்நு வெச்சா, செலவெல்லாம் போய் மிச்சம் பிடிச்சது."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சம்பளம் முழுவதையும் மிச்சம் பிடிக்கிற மகாலட்சுமி என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்திருக்கிறாள்! என்னைப் பார்த்து மீனை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, சேட்டனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள்.

"அப்ப உங்க தம்பி? கல்ஃப்?"

"அவன் வேல போய் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு பெட்டிதான் கொண்டு வந்தது."

"அந்தச் சோப்பு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சோப்பு தீர்ந்து எவ்வளவோ நாளாயிற்றாம். அதன் காகிதத்தைப் புடவைக்கு நடுவில் மடித்து வைத்திருக்கிறாள், மணப்பது அதுதான். நான் சாக்கு விஷயத்தைச் சொன்னேன். வளையலையும் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தாள், கனமே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு அழுகைதான் வந்தது. அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அவளும் அழுகிறாள் என்று நினைத்துப் பார்த்தால் சிரிக்கிறாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்கள் இரண்டு பேரும் படியில் வழி கிடைக்காமல் கீழேயே நின்றார்கள்.

மறுநாள் கோவில்பதாகைக்குப் போய், இரண்டு மனை வேண்டாம், ஒன்றுதான் வேண்டும், இரண்டு அட்வான்ஸையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பாதியாகப் பதிந்துகொள்கிறோம் என்றோம்.

"இன்னாக்கா இது, நெலத்தை இட்லி மாதிரி பிச்சிக் குடுன்றீங்கோ?" என்று குதித்தார் நிலத்துக்காரர். "பெரிய எடம்னு நென்சிகினு கீறேன், அரை கிரவுண்டுக்கு வந்து நிக்கிறீங்கோ!"

மறைத்து என்ன ஆகப்போகிறது? சோப்புக் காகிதம், அரிசிச் சாக்கு, கவரிங் வளையல் எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுக்கொண்டே வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கியோ பொறந்து, ஒண்ணுமே இல்லாம வந்து, நெலம் வாங்கிகினு கீறீங்கோ. நாங்கோ இங்கியே பொறந்து, எல்லாத்தையும் வெச்சிகினு இருந்து வித்துகினு கீறோம். சரி, எடுத்துக்கோங்கோ" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

வீடு கட்டி முடிக்கத் தொண்ணூறுகளில் பாதி போய்விட்டது. பணம் வரும்போது செங்கல் வரும், பணம் நின்றால் கொத்தனார் நின்றுவிடுவார். செலவு மிச்சம் என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் எழுப்பினோம். அதையும் ஒற்றைக்கல் சுவராக எழுப்பினோம். அந்தப் பக்கம் சேட்டன் தும்மினால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் "நூறு" என்பார். கறிவேப்பிலையைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பின்பக்கம் சுவர் முடிகிற இடத்தில் வைத்தேன். யார் வீட்டில் தாளித்தாலும் அதில்தான் பறிக்கிறோம்.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஊரிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மலையாளத்துக்காரியாம்லா? நல்ல வசதியோ? அவளுக்குச் சம்பாத்தியம் எவ்வளவு இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"ஒண்ணும் இல்லா!"

"எனக்கும் ஒண்ணும் இல்லா சேச்சி!" என்று நான் சுவரைப் பார்த்துக் கத்தினேன். இரண்டு அடுப்பிலும் பால் பொங்கிக்கொண்டிருந்தது.