பல்செட்டு அக்கா பட்டை தீட்டிய கதை

எல்லோருக்கும் அவள் பல்செட்டு அக்கா. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறையில், இருபத்தாறு வருடமாக ஊராருக்குப் பல் செய்துகொண்டிருந்தாள். காலையில் உள்ளே போகும்போது கறுத்த புருவத்தோடு போவாள். சாயங்காலம் வெள்ளைப் புருவத்தோடு வெளியே வருவாள். பல் அச்சு வார்க்கிற மாவு அத்தனை. சிரிக்கத் தொடங்கினால் அவளை நிறுத்த ஆளில்லை. மனைவியின் பல்செட்டைத் தவறி மாட்டிக்கொண்டு வந்து, "ரெண்டு நாளா என் வாய் என் பேச்சைக் கேக்கமாட்டேங்குதும்மா" என்று முறையிட்ட ஒரு மனிதரை நினைத்து, வருடங்கள் போன பின்னும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வருவாள்.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. மூன்று முறை தோற்று நான்காம் முறை லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய வாரமே சலவைக்கடைக்காரரின் பத்தொன்பது வயதுக் காரையும் வாங்கிவிட்டாள். நூலகத்தில் வேலை பார்த்த அவள் கணவர் நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி, பெல்ட்டை மாட்டி, இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சீட்டு நல்லா இருக்கு" என்றார்.

எஞ்சினும் நன்றாகத்தான் இருந்தது. சாம்பல் நிறப் பெயின்ட்டில் ஒரு கீறல் கிடையாது. ஜன்னல்களைச் சுற்றி ஓடிய அலுமினியப் பட்டைதான் கண்ணை உறுத்தியது. பால் பொங்கி வழிந்து அப்படியே காய்ந்துபோனதுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டு, நடுநடுவே கோடு கோடாகக் கறை. சலவைக்கடைக்காரர் சுத்தத்தில் கொஞ்சம் முரட்டு மனிதர். மேஜைவிரிப்பில் எண்ணெய்க் கறை எடுக்கிற காரமான சோப்புத் தண்ணீரையே வாராவாரம் காருக்கும் ஊற்றியிருக்கிறார். துணி தாங்கியது, அலுமினியம் தாங்கவில்லை.

மாடி வீட்டு நாத்தனார் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளிடம் புத்தம்புதுக் கார் ஒன்று இருந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகியும் சீட்டு உறையின் பிளாஸ்டிக்கைக் கிழிக்க மனம் வரவில்லை.

"வண்டி லட்சணமாத்தான் இருக்கு அண்ணி. ஆனா பாவம், நரைச்சுப் போச்சு."

"டை அடிச்சாப் போச்சு," என்று அக்கா சிரித்தாள். சிரித்தாலும் உள்ளே சுருக்கென்றது.

மெக்கானிக்கிடம் காட்டினாள். "இந்த மாடலுக்குப் புதுப் பட்டை இப்ப வர்றதில்ல. மேல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி விட்டுருங்க," என்றான். சொத்தைப் பல்லுக்குத் திரை போடச் சொன்னதுபோல அவளுக்கு உடம்பு கூசியது. கடையில் உலோகப் பாலிஷ் ஒரு டப்பா வாங்கி அரைமணி நேரம் தேய்த்தாள். கைதான் வலித்தது. கறை உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை, மெருகேற்றச் சுற்றும் துணிச் சக்கரத்தில் ஒரு பல்செட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. அச்சிலிருந்து எடுத்த பல்லுக்கு எடுத்த எடுப்பிலேயே யாராவது பாலிஷ் போடுவார்களா? முதலில் சொரசொரப்பான உப்புத்தாள். அப்புறம் நைசு, அதற்கும் மேல் நைசு. பளபளப்பு கடைசியில்தான். பட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது, சோப்பு அரித்தது அந்தத் தோலைத்தான். அதை உரித்து எடுக்காமல் மேலே எதைப் பூசி என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளித் தண்ணீரும் தாள்களுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்கப் பட்டையின் இரு கரையிலும் டேப் ஒட்டும் வேலை கணவருக்கு. புத்தகங்களின் முதுகில் சீட்டு ஒட்டி ஒட்டிப் பழகிய கை, மயிரிழை பிசகவில்லை.

நனைத்த தாளால் ஒரு சாண் நீளம் தேய்த்தாள். திட்டு போயிற்று. கூடவே இருந்த கொஞ்சநஞ்ச மினுக்கும் போய், ஈயப் பாத்திரத்தின் அடிபோல மங்கி நின்றது.

"முன்னாடி இருந்ததே தேவலையோ?" என்றார் கணவர்.

"கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம டேப்பை மட்டும் பாருங்க."

அடுத்த தாள். அதற்கு அடுத்த தாள். பிறகு துளி பாலிஷை விரலில் எடுத்துத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். துணி அடுப்புக்கரி போலக் கறுத்தது. கறுக்கக் கறுக்க அவள் கை வேகம் பிடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தமான துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

அந்த ஒரு சாண் பட்டைக்குள் வானம் தெரிந்தது. மாடிக் கொடியில் காய்ந்த சட்டைகள் தெரிந்தன. எட்டிப் பார்த்த கணவரின் மூக்கு, கத்தரிக்காய் நீளத்துக்கு இழுபட்டுத் தெரிந்தது. அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், துடைத்த துணி பாலிஷ் துணி என்பதால் கன்னமெல்லாம் கரி அப்பிக்கொள்ள, அதைப் பார்த்து அவர் சிரிக்க, அவர் சிரிப்பதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சோறு தண்ணி மறந்து மத்தியானத்துக்குள் ஒரு பக்கத்தை முடித்தாள், வெயில் சாய்வதற்குள் மறுபக்கத்தை. தோல் போன அலுமினியம் மறுபடி மங்கிவிடக் கூடாதே என்று மேலே மெழுகும் பூசினாள். அதோடு விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. பின்பக்கம் பளிச்சென்று ஒட்டியிருந்த காரின் பெயரெழுத்துகள் கண்ணில் பட்டன. முதல் எழுத்தில் தாளை வைத்து நாலு தேய் தேய்த்தாள். பளபளப்பு உரிந்து அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தது.

"அது பிளாஸ்டிக்கு," என்றார் கணவர்.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"வாயைத் திறக்காதேன்னு நீதானே சொன்னே."

அவள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு இறங்கி வந்த நாத்தனார் முதலில் எழுத்தைப் பார்த்தாள், பிறகு பட்டையைப் பார்த்தாள், பிறகு மேலே போய் வெள்ளி நிற நகப்பூச்சைக் கொண்டுவந்து எழுத்துக்குப் பூசிவிட்டாள். போகிற போக்கில் விட்டுப்போன ஒரு மூலை கண்ணில் பட, தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தவள், டேப்பை உரிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"என் வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் அண்ணி," என்றாள் மறுநாள், எதையோ பறிகொடுத்த முகத்தோடு. "எல்லாமே கறுப்பு ரப்பரு. தேய்க்கிறதுக்குன்னு ஒரு அங்குலம்கூட வைக்கல."

அந்த ஏக்கத்துக்கு வழி பிறந்தது. பல் டாக்டர் அக்காவின் வண்டியைப் பார்த்து வாய் பிளந்தார். "அக்கா, போன வாரம் நான் வாங்கின பழைய வண்டியிலயும் பட்டை வெளுத்துத்தான் கிடக்கு. பின்கட்டுல நிக்குது, சாம்பல் கலரு. சனிக்கிழமை பாத்துத் தர்றீங்களா?"

சனிக்கிழமை மதியம் அக்காவும் நாத்தனாரும் போனார்கள். பின்கட்டில் சாம்பல் நிற வண்டி நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு கதவாகத் தொடங்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் வெள்ளிக் கம்பியாக மின்னியது. அப்போது டாக்டர் கைகழுவ வெளியே வந்தார். பார்த்தார். ஈரக் கை அப்படியே நின்றது.

"அக்கா, என் வண்டி தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட நிக்குது."

"அப்ப இது?"

"உள்ள நாற்காலியில இருக்கறவரோடது. இப்பத்தான் அவருக்குக் கடைவாய்ப்பல் எடுத்தேன்."

நாத்தனார் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. அதற்குள் அந்த மனிதர் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆறடி ஆள். மரத்துப்போன பாதி முகத்தில் கோபமா என்ன என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"இன்னிக்குப் பூரா இவர் பேசக் கூடாது," என்றார் டாக்டர், ஏதோ உதவி செய்வதுபோல.

"மன்னிச்சுக்கணும், அடையாளம் தப்பிப்போச்சு," என்றாள் அக்கா.

அவர் பட்டையை விரலால் தடவினார். குனிந்து அதில் தன் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய், அங்கே வெளுத்துக் கிடந்த பட்டையை விரல் முட்டியால் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினார். இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார். படிக்கட்டில் போய்க் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெடித்து வந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது போல. வாயின் ஒரு பாதி மேலே ஏற, மறுபாதி அசையாமல் நின்றது. அதைப் பார்த்து டாக்டரே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை நடந்த நேரமெல்லாம் அந்த மனிதர் எழுந்து எழுந்து வாளித் தண்ணீர் மாற்றிக் கொடுத்தார்.

மறுபக்கமும் முடிந்தது. அவர் ஒரு சுற்று நடந்தார், தலையை ஆட்டினார், பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து அதன் பின்புறம் ஏதோ எழுதி அக்காவிடம் நீட்டினார். 'பம்பர் மேலேயும் ஒரு பட்டை இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

அக்கா அதைப் படித்து முடிப்பதற்குள் நாத்தனார் புதுத் தாளை நனைத்தாகிவிட்டது. டாக்டரின் வண்டிக்கு அன்றைக்கு முறை வரவில்லை.