‘சீவினாள்’ என்று எழுதியவர்

தலை ஒரு மீன் பெட்டியில் வந்தது. கோலாலம்பூரில் செய்து, ஐஸ் மீன் அடைக்கும் வெள்ளைப் பெட்டியில் வைத்து, வேனின் பின் இருக்கையில் பெல்ட் மாட்டி உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் மண்டோராக, அதாவது தோட்டத்துக் கங்காணியாக, நடித்தவரின் முகம் அப்படியே இருந்தது. கண் பாதி மூடியிருந்தது, மீசை கலைந்திருந்தது, கழுத்து முடிகிற இடத்தில் சிவப்புப் பசை வழிந்து உறைந்திருந்தது. “இவருக்கும் சேத்து சோத்துப் பொட்டலம் சொல்லியாச்சா?” என்று விளக்குக்காரர் கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தத் தலையின் சொந்தக்காரரான நடிகர்கூடக் கைப்பேசியில் தன் தலையோடு படம் எடுத்துக்கொண்டார். நாவலை எழுதியவர் மட்டும் குனிந்து, பெட்டிக்குள் கைவிட்டு, அதன் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. “இது எதுக்கு?” என்று கேட்டார்.

படப்பிடிப்பில் அவரைக் கதைக்காரம்மா என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அது பிடித்திருந்தது. “எழுத்தாளர்னா யாரோ செத்துப்போனவங்க மாதிரி இருக்கு தம்பி” என்பார். அறுபதை ஒட்டிய வயது. மம்பாவில் மகள் வீட்டில் இருந்தார். அதற்கு முன் சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைத்துக்கொண்டே அந்த நாவலை எழுதியவர். முதல் தடவை எழுதியதை அவர் கணவர் அடுப்பில் போட்டார். அதை எடுக்கப்போன கையையும் சேர்த்து நெருப்பில் அழுத்தினார். இடது புறங்கைத் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். அதை அவர் மறைத்ததே இல்லை. யாராவது கேட்டால், “அவருதான் மொத வாசகர். அவருக்குக் கதை புடிக்கல” என்பார். அவ்வளவுதான். பிறகு முழுவதையும் மறுபடி எழுதினார்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் படித்த முதல் நாவல் கதைக்காரம்மாவுடையது. படித்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் போன்றவர்களைப் பற்றியும் அச்சில் வரும் என்பதையே அதுவரை நான் யோசித்ததில்லை. டிப்ளோமா முடித்து ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்த வேளையில், தொலைக்காட்சிக்காக அந்த நாவலையே படமாக்கப்போகிறோம் என்றார். கோயிலுக்குப் போகிறவன்போல் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நாவல் கதைக்காரம்மாவின் சொந்த அம்மாவின் கதை. அதை அவர் ஒளித்ததில்லை. ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் காயப்படுத்திவிட்டாள் என்று அந்த அம்மாமேல் மண்டோர் குற்றம் சொன்னார். பொய்க்குற்றம். அவர் கூப்பிட்ட இடத்துக்கு அந்த அம்மா போகவில்லை என்பதுதான் விஷயம். பெரட்டு என்று தோட்டத்தில் சொல்லும் காலைக் கணக்கெடுப்பில், அத்தனை பேர் நிற்க, வாளி நிறையப் பாலைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் கவிழ்த்தார் மண்டோர். ரப்பர்ப் பால் கண்ணை எரிக்கும். காய்ந்தால் மயிரோடு மயிராக இறுகிவிடும். எண்ணெய்க்கும் வராது, மண்ணெண்ணெய்க்கும் வராது. கடைசியில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் உட்காரவைத்துக் கத்தரித்தார்கள். கத்தரிக்கு வராததைப் பிய்த்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. சிறுமியாக இருந்த மகள் அம்மாவின் தலையிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று நாவலில் ஒரு வரி இருக்கிறது. மறுநாள் காலை அந்த அம்மா மொட்டைத் தலையோடு பெரட்டுக்கு வந்து, மண்டோரின் முன்னால் நின்று, பால்வெட்டும் கத்தியை எடுத்தார். அடுத்த வரியில் ஒரே ஒரு சொல். ‘சீவினாள்.’

அந்தச் சொல்லில்தான் எல்லாம் தடம் புரண்டது. ரப்பர்க் காட்டில் சீவுவது என்றால், கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பட்டையைக் காகிதக் கனத்துக்கு இழுத்தெடுப்பது. உள்மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அது காயம். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். இது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. இயக்குநர் தோட்டத்துப் பிள்ளை, நான் தோட்டத்துப் பிள்ளை, ஒளிப்பதிவாளரும் அப்படித்தான். ஆனால் நாங்கள் நடக்கப் பழகும்போதே ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். எங்களுக்குச் சீவுவதைக் கற்றுக்கொடுத்தது சினிமா. சினிமாவில் சீவுவது தலையை. ஆகவே திரைக்கதையில் தலை உருண்டது. அதை வாசித்த அத்தனை பேருக்கும் மயிர் கூச்செறிந்தது. நாவலில் அடுத்த அத்தியாயத்தில் அதே மண்டோர் உயிரோடு வருகிறாரே என்று நான் கேட்டபோது, “அது கனவுலா, அவங்க மனசுல வர்றது” என்றார் இயக்குநர். மறுபடி படித்துப் பார்த்தேன். கனவாகவும் தோன்றியது.

கதைக்காரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். திரைக்கதையை யாரும் அவருக்குக் காட்டவில்லை. மம்பாவிலிருந்து அவரைக் காரில் ஏற்றிவருவது என் வேலை. சிரம்பான் நெரிசலைத் தாண்டி, எப்படியோ தப்பிப் பிழைத்திருந்த ஒரு சின்ன ரப்பர்க் காட்டுக்குப் போய்ச்சேரும்வரை பேசிக்கொண்டே வருவார். பாதி கேலி, பாதி வசவு.

பால் ஊற்றும் காட்சி எடுத்த நாளில் அவர் கேமராவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாவும் பசையும் கலந்த வெள்ளை நீரை மண்டோராக நடித்தவர், அம்மாவாக நடித்த நடிகையின் தலையில் கவிழ்த்தார். நடிகை உண்மையாகவே மூச்சுத் திணறினார். மண்டோர் சிரித்தார், அந்தச் சிரிப்பு அவராகச் சேர்த்துக்கொண்டது, திரைக்கதையில் இல்லை. அடுத்த நொடி கதைக்காரம்மா கேமராவுக்கு முன்னால் இருந்தார். அவர் எழுந்து போனதை நான் பார்க்கவே இல்லை. நடிகர் கன்னத்தில் அவர் விட்ட அறையில் உதடு கிழிந்து, சட்டையில் ரத்தம் சொட்டியது. மறுபடியும் கையை ஓங்கினார். நானும் விளக்குக்காரரும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம்! ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்கு நாங்கள் யார் என்பதே தெரிந்தது. நடிகரைக் கூப்பிட்டார். “தம்பி, கோவிச்சுக்காத. நீ நல்லா நடிச்சிட்ட, அதான்” என்றார். அவர் வீங்கிய உதட்டோடு, “விருதுன்னு நெனச்சுக்கறேன்மா” என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தலை வந்தது.

“இது எதுக்கு?” என்று அவர் கேட்டபோது, இயக்குநர் பொறுமையாகவே சொன்னார்: “நீங்க எழுதினதுதாம்மா. சீவினாள். சீவினா தலைதானே?”

கதைக்காரம்மா அவரையே பார்த்தார். “உங்கம்மா எங்க வேல செஞ்சாங்க?”

“தோட்டத்துல. மரம் சீவுனாங்க.”

“தெனமும் சீவுனாங்களா?”

“ஆமா.”

“அப்ப உங்க தோட்டத்துல ஒருத்தனுக்கும் தல இருந்திருக்காதே, ராசா!”

மரத்தடியே அதிர்ந்தது. இயக்குநரும் சிரித்துவிட்டார். சிரித்து முடிந்த பிறகுதான் சொல்லின் பொருள் ஒவ்வொருவர் மண்டையிலும் இறங்கியது. கதைக்காரம்மா மேசையிலிருந்து பால்வெட்டும் கத்தி ஒன்றை எடுத்து, பக்கத்து ரப்பர் மரத்தில் மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரே இழுப்பாக இழுத்தார். பட்டை சுருளாக வந்தது. வெள்ளைக் கோடு ஊறியது. “எங்கம்மா அவன் மூஞ்சில போட்டது இதுதான். தோலு மட்டும். கொல்லணும்னா கொன்னுருக்கும். கொன்னா அவன் செத்த மண்டோர் ஆயிடுவான், மால போட்டுக் கும்புடுவானுங்க. அவன் தெனமும் பெரட்டுக்கு வரணும், அந்தக் கோட்டோட எங்க முன்னாடி நிக்கணும். அதுதான் எங்கம்மா கணக்கு.”

அப்படித்தான் நடந்திருக்கிறது. மண்டோர் கட்டோடு வந்தார், கட்டுப் பிரித்த பிறகு கோட்டோடு வந்தார். அவர் நடந்துபோகும்போது லயத்துப் பிள்ளைகள், மரத்தடியில் பால் ஏந்தும் மங்குக் கிண்ணத்தைப்போல இரண்டு கையையும் குவித்துத் தங்கள் தாடைக்குக் கீழே பிடிப்பார்களாம். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அவர் அடித்தார், உதைத்தார், ஒரு பையனின் பல்லை உடைத்தார். கைகள் குவிந்துகொண்டே இருந்தன. மண்டோரின் தம்பிமார் ஒருநாள் அந்த அம்மாவைக் காட்டில் மடக்கி, வாளி தூக்கும் காண்டாக் கம்பால் வலது மணிக்கட்டை உடைத்தார்கள். எலும்பு வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கத்தி பிடிக்கவில்லை. நாவல் முடிவது அந்தக் கையில்தான். மகள் பிசைந்து ஊட்ட, அம்மா அடுத்த கவளம் கேட்கிறாள்.

இயக்குநரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. அவர் அப்போது சொன்னது இன்னும் என்னைக் குடைகிறது. “அம்மா, இந்தப் படத்தப் பாக்கப்போறவங்க காலம் பூரா அடி வாங்கினவங்க. கைய ஒடச்சு அனுப்பச் சொல்றீங்களா? ஒரு தடவயாவது ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போவட்டுமே.” என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். தலை உருண்டால் அவர் விசில் அடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

“ஜெயிக்கட்டும்” என்றார் கதைக்காரம்மா. “ஆனா தலைய எடுத்துட்டீங்கன்னா, மறுநாள் பெரட்டுக்கு யாரு வருவா?”

தொலைக்காட்சிக்காரர்கள் தலைக்குத்தான் சம்மதித்திருந்தார்கள். கதைக்காரம்மா தன் பெயரையாவது எடுத்துவிடச் சொன்னார்; ஒப்பந்தப்படி முடியாது என்றார்கள். அன்றே எடுத்தோம். முதல் தடவை தலை உருண்டு சாக்கடையில் விழுந்து கிடந்தது. அடுத்த தடவை ரத்தக் குழாய் வெடித்து நடிகை முழுக்க நனைந்து அழுதுவிட்டார். கதைக்காரம்மா போய்விடவில்லை. நடிகைக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார், முகம் துடைத்துவிட்டார், வெயிலில் குடை பிடித்தார். கடைசியில் தலை சரியாக உருண்டு, கேமராவைப் பார்த்து நின்றது. எல்லோரும் கைதட்டினோம். அவர் குடையை மடக்கினார்.

இன்று அந்தப் படம் கைப்பேசியில் கிடைக்கிறது. கீழே கருத்து எழுதுகிறவர்கள் தலையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நாவலைத் தேடினால் கிடைப்பதில்லை. நான்கூட என் பிரதியை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் படித்தவன் தனியாக இருக்கிறான். அவனுக்கு மறுநாள் காலையைத் தாங்க நேரம் இருக்கிறது. கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நேரம் இல்லையோ என்று யோசிப்பேன். பிறகு, அப்படிச் சொல்வது என் ஜனங்களைக் குறைத்துச் சொல்வதோ என்று கூச்சப்படுவேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மண்டபம்தான்.

சிரம்பானில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம், கதை நடந்த அந்தப் பழைய தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். தலை விழுந்ததும் நாற்காலிகளைத் தட்டினார்கள். விளக்குப் போட்டதும் கதைக்காரம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “உங்கம்மா காளியாத்தாலா! தலையவே எடுத்துருச்சே!” என்று ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே தோட்டத்தில் வாழ்ந்தவர் அவர். மண்டோரின் கன்னத்துக் கோட்டை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கவேண்டியவர்.

அப்போதுதான் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றி வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்தவராம். சட்டையை உள்ளே விட்டு, பேனா செருகி, கம்பீரமாக இருந்தார். “நான் அங்கதானே இருந்தேன்” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். “பெரட்டுக் களத்துல தல உருண்டுச்சு. நான்தான் துணி போட்டு மூடுனேன்.”

கதைக்காரம்மாவின் முகம் மாறியது. “ஐயா, அவனுக்குத் தையல் போட்டது நீங்கதானே?”

“தையலா? தலையே இல்லாதவனுக்கு எதுக்கும்மா தையலு?”

கூட்டம் சிரித்தது. கதைக்காரம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். இரண்டு கையாலும். கைத்தடி கீழே விழுந்தது. “எங்க தச்சீங்க?” என்று உலுக்கினார். “எங்கம்மா கைய ஒடச்சிக்கிட்டது சினிமாவுக்கா? சொல்லுங்கய்யா, எங்க தச்சீங்க?” பொத்தான் ஒன்று தெறித்தது. “விடுமா, என்னாமா இது” என்று அவர் குழறினார். நான் ஓடிப்போய், “ம்மா, விடுங்க, வயசானவரு” என்று கையைப் பிரிக்கப் பார்த்தேன். முழங்கையால் என் நெஞ்சில் ஓர் இடி இடித்தார். எனக்கு மூச்சு நின்றது. யாரோ, “பைத்தியம் புடிச்சிருச்சு” என்றார்கள். அவர் விடவில்லை. “எங்க தச்சீங்க? எங்க?”

முதியவரின் கண்ணில் பயம் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஆனால் அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பதுபோல் சேர்ந்திருந்தன. அந்தக் கை அவர் முகத்துக்கே போய், கண்ணோரத்தில் தொட்டு, சாய்வாகக் கன்னத்தின் வழியே தாடைவரைக்கும், நிறுத்தி நிறுத்தி, இறங்கியது.

“இங்கேருந்து...” என்றார். குரல் வேறாக இருந்தது. “ஆழமில்லம்மா. தோலு மட்டுந்தான். எலும்புல படவே இல்ல. பழகின கை. அவன் அழுதான், எங்கிட்ட. இந்தத் தழும்பு மறையுமான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மறையாதுன்னேன்.”

கதைக்காரம்மா பிடியை விட்டார். கசங்கிய காலரை நீவிச் சரிசெய்தார். கீழே கிடந்த கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“போதுங்கய்யா” என்றார். “வாங்க, உக்காந்து தேத்தண்ணி குடிங்க.”